முதல் முறை பூத் ஏஜென்டாக உட்காரப் போகிறீர்களா? மெஷினைச் சரிபார்க்கும் வழி

வட்டச் செயலாளர் வந்து, "தம்பி, இந்தத் தடவை நம்ம பூத்துல நீ உட்கார்ந்துடு" என்றார். நீங்களும் தலையாட்டிவிட்டீர்கள். அப்புறம் என்ன கிடைக்கும்? கையெழுத்துப் போட்ட ஒரு படிவம், ஒரு வாக்காளர் பட்டியல், மதியத்துக்கு ஒரு சாப்பாட்டுப் பொட்டலம். பல ஊர்களில் பயிற்சி அதோடு முடிந்துவிடும்.

என் முதல் தேர்தலும் அப்படித்தான். எதை நீட்டினார்களோ அதில் கையெழுத்துப் போட்டேன். மாலை ஆறரைக்குப் பசி தாங்காமல், வாங்க வேண்டிய ஒரு தாளை வாங்காமலே கிளம்பிவிட்டேன். எண்ணிக்கைக்கு முந்தின இரவு, மேஜையில் உட்காரப் போகும் அண்ணன் போன் போட்டு, "உன் பூத்துல மொத்தம் எத்தனை? கண்ட்ரோல் யூனிட் நம்பர் என்ன?" என்று கேட்டார். இரண்டுக்குமே என்னிடம் பதில் இல்லை. "அப்ப நீ அங்க எதுக்குப் போன?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அந்தக் கேள்விக்கு அடுத்த மூன்று தேர்தல்களில் நான் கற்றுக்கொண்ட பதில்தான் இது.

முதலில் மூன்று பெட்டிகள்

வாக்காளர் நீல பட்டனை அழுத்தும் பலகை வாக்குப்பதிவுக் கருவி. எல்லோரும் அதை பேலட் யூனிட் என்பார்கள். ஒரு யூனிட்டில் 16 பெயர், நோட்டாவும் அதில் அடக்கம். அலுவலர் மேஜையில் இருப்பது கட்டுப்பாட்டுக் கருவி, அதாவது கண்ட்ரோல் யூனிட். ஓட்டுக் கணக்கு இதற்குள்தான் இருக்கிறது. மூன்றாவது விவிபேட். யாருக்கு ஓட்டு விழுந்தது என்று ஒரு சீட்டில் அச்சடித்து, கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி காட்டிவிட்டு உள்ளே விழவிடும் பெட்டி. இந்த இயந்திரங்களைச் செய்பவை பெங்களூரில் இருக்கும் பெல், ஐதராபாத்தில் இருக்கும் இசிஐஎல் என்ற இரண்டு அரசு நிறுவனங்கள். இன்டர்நெட், வைஃபை எதுவும் இவற்றில் கிடையாது. ஆகவே எங்கோ உட்கார்ந்து யாரோ "ஹேக்" செய்வதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது கையால் நடக்கக்கூடிய காரியங்களைப் பற்றி. மெஷினை மாற்றி வைப்பது, சோதனை ஓட்டை அழிக்காமல் விடுவது, வராதவர் பெயரில் ஓட்டுப் போடுவது, கணக்கைத் தப்பாக எழுதுவது போன்றவை.

ஒரு விஷயம் மனதில் தெளிவாக இருக்க வேண்டும். எல்லாச் சோதனையும் எல்லாத் தப்பையும் பிடிக்காது. ஓட்டை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மெஷின் மாற்றிப் போடுகிறதா என்பதைக் காலையில் நடக்கும் மாதிரி வாக்குப்பதிவும் விவிபேட் சீட்டும்தான் காட்டும். மெஷினே மாறிவிட்டதா, ஓட்டு கூடியதா குறைந்ததா என்பதை சீல் எண்களும், மாலையில் சாவடியின் ஓட்டுக் கணக்கை எழுதும் படிவம் 17சி-யும் காட்டும். கள்ள ஓட்டை இவை எதுவுமே காட்டாது. அதை உங்கள் கையில் இருக்கும் வாக்காளர் பட்டியலும், தெருவில் யார் யார் என்று தெரிந்த உங்கள் கண்ணும்தான் பிடிக்கும்.

தேர்தலுக்கு முந்தின வாரம்

எந்த மெஷின் எந்தத் தொகுதிக்கு, அப்புறம் எந்தச் சாவடிக்கு என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கலில் இரண்டு கட்டமாக முடிவு செய்கிறார்கள். இரண்டாவது குலுக்கல் வேட்பாளர்கள் முன்னிலையில் நடக்கும். முடிந்ததும் எந்தச் சாவடிக்கு எந்த எண் மெஷின் என்ற பட்டியல் வேட்பாளருக்குக் கொடுக்கப்படும். உங்கள் வேட்பாளரின் அலுவலகத்தில் அந்தப் பட்டியல் இருக்கும், அநேகமாக ஏதாவது ஒரு மேஜை டிராயரில் தூங்கிக்கொண்டிருக்கும். கேட்டு வாங்கி உங்கள் சாவடியின் மூன்று எண்களையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ரிசர்வ் மெஷின்களின் எண்களும் கிடைத்தால் நல்லது.

குலுக்கலுக்குப் பிறகு வேட்பாளர் பெயர் பொருத்தும் வேலை நடக்கும். சின்னங்கள் விவிபேட்டுக்குள் ஏறுவது அப்போதுதான். லேப்டாப்பிலிருந்து சின்னத்தை எடுத்து, சின்னம் ஏற்றும் கருவி ஒன்றின் வழியாக உள்ளே அனுப்புகிறார்கள். எந்தச் சின்னம் எந்த வரிசை என்பதே தெரியாமல் இருந்த மெஷினுக்கு வெளியிலிருந்து தகவல் போகும் இடம் இது ஒன்றுதான். விமர்சகர்கள் விரல் நீட்டுவதும் இங்கேதான், அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம். 2024 ஏப்ரல் 26-ல் உச்ச நீதிமன்றம் எல்லா விவிபேட் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையைத் தள்ளியது. ஆனால் அதே தீர்ப்பில், சின்னம் ஏற்றிய கருவிகளையும் சீல் வைத்து, முடிவு வந்த பிறகு குறைந்தது 45 நாள் மெஷின்களோடு பூட்டி வைக்கச் சொன்னது. இந்த வேலை நடக்கும் நாளில் உங்கள் கட்சியிலிருந்து யாராவது ஒருவர் அங்கே இருக்கட்டும். எல்லா மெஷினிலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு ஓட்டு போட்டுப் பார்ப்பார்கள். நூற்றுக்கு ஐந்து மெஷினில் ஆயிரம் ஓட்டு வரை போட்டுப் பார்ப்பார்கள். எந்த ஐந்து என்று தேர்ந்தெடுக்கக் கட்சிக்காரர்களுக்கும் வாய்ப்புத் தருவார்கள். ஆயிரம் ஓட்டு எண்ணுவது கழுத்து வலிக்கும் வேலை, அதனாலேயே பலர் பாதியில் டீக்கடைக்குப் போய்விடுகிறார்கள்.

காலை ஐந்தரை

ஏழு மணிக்கு வாக்குப்பதிவு என்றால் மாதிரி வாக்குப்பதிவு ஐந்தரைக்கு. நீங்கள் ஐந்துக்கே போய்விடுங்கள். வேட்பாளரோ அவருடைய தலைமை முகவரோ கையெழுத்திட்டு உங்களை ஏஜென்டாக நியமிக்கும் படிவம் 10, வாக்காளர் அடையாள அட்டை, பேனா, நோட்டு, படிக்கக் கண்ணாடி தேவையென்றால் அதுவும் வேண்டும். செல்போனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஏஜென்ட் யாரும் வரவில்லை என்றால் கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு அலுவலர்களே மாதிரி ஓட்டை நடத்திவிடுவார்கள். அப்புறம் "எங்களுக்குக் காட்டவில்லை" என்று சொல்ல வழியில்லை.

போனதும் முதல் வேலை மூன்று பெட்டிகளின் எண்ணையும் உங்கள் நோட்டோடு ஒப்பிடுவது. கண்ட்ரோல் யூனிட்டில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் இளஞ்சிவப்புத் தாள் சீலின் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். மெஷின் திரையில் தெரியும் நாளும் நேரமும் சரியா என்று பாருங்கள். சில நிமிடம் முன்பின் இருக்கலாம். இருந்தால் எவ்வளவு என்று எழுதுங்கள், சாவடியின் தலைமை அலுவலரையும் குறிக்கச் சொல்லுங்கள்.

விவிபேட்டின் பின்பக்கத்தில் ஒரு திருகு இருக்கும். படுக்கையாக இருந்தால் பயண நிலை, நிமிர்ந்து இருந்தால் வேலை நிலை. பவர் போட்டதும் விவிபேட் தன் நிலவரத்தைச் சொல்லும் சில சீட்டுகளை, வழக்கமாக ஏழு, தானே அச்சடித்துப் போடும். அதைப் பார்த்து "ஓட்டே போடல, சீட்டு விழுது" என்று கத்தியவரை நான் பார்த்திருக்கிறேன். முதல் தேர்தல் என்றால் நானும் கத்தியிருப்பேன். அந்தச் சீட்டுகளில் வேட்பாளர் பெயர் இருக்காது, அவற்றைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். இன்னொன்று, விவிபேட் மேல் ஜன்னல் வெயிலோ நேர் மேலே டியூப் லைட்டோ படக்கூடாது. 2018 மே மாதம் உத்தரப் பிரதேசத்தின் கைரானா இடைத்தேர்தலில் நிறைய விவிபேட்டுகள் கோளாறாகி மறுவாக்குப்பதிவு வரை போனது. அதிக வெளிச்சம் சென்சாரைக் குழப்பியது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போடும் மறைப்பை ஜன்னலோரம் வைத்திருந்தார்கள். சொன்னதும் மாற்றிவிட்டார்கள்.

ஐம்பது ஓட்டை எப்படிப் போடுவது

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். விதிப்படி குறைந்தது 50 மாதிரி ஓட்டு போட வேண்டும், நோட்டா உட்பட ஒவ்வொருவருக்கும் விழ வேண்டும். வழக்கமாக என்ன செய்வார்கள்? ஆளுக்கு மூன்று மூன்று என்று மேலிருந்து கீழே வரிசையாக அழுத்திவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு" என்பார்கள். 16 பெயருக்கு மூன்று மூன்று என்றால் 48, கடைசியில் இரண்டு சேர்த்தால் 50. கணக்கு அழகாக வரும், ஆனால் இப்படிச் செய்த சோதனை பாதி சோதனைதான். இரண்டாம் எண்ணுக்குப் போட்டது ஐந்தாம் எண்ணுக்கும், ஐந்தாம் எண்ணுக்குப் போட்டது இரண்டாம் எண்ணுக்கும் போயிருந்தால், முடிவில் இருவருக்குமே மூன்றுதானே இருக்கும்? எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

ஆகவே எண்ணிக்கையை ஒன்றோடொன்று ஒத்துப்போகாதபடி போடுங்கள். குறைந்தபட்சம் பெரிய வேட்பாளர்களுக்காவது. நான் நோட்டில் ஒரு கட்டம் போட்டுக்கொள்வேன்: முதல் பெயருக்கு 7, இரண்டாவதற்கு 4, மூன்றாவதற்கு 9, நான்காவதற்கு 2, ஐந்தாவதற்கு 6. மீதிப் பேருக்கு ஒன்றும் இரண்டும் மூன்றுமாக மாற்றி மாற்றி. வரிசையாக அழுத்தாமல் கலைத்து அழுத்தச் சொல்வேன். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒருவர் சத்தமாக எண்ணைச் சொல்ல, நான் கட்டத்தில் கோடு போடுவேன். நாலு கோடு, குறுக்கே ஒன்று, வீட்டில் பால் கணக்கு எழுதுவது மாதிரி. மற்றக் கட்சி ஏஜென்ட்டும் தன் நோட்டில் போட்டால் இன்னும் நல்லது. ஐம்பதோடு நிறுத்த வேண்டும் என்று கட்டாயமில்லை, ஆனால் மணி ஆறேகாலைத் தாண்டிவிட்டால் சீல் வைக்க நேரம் போதாது.

முடிந்ததும் மூன்று பட்டன், இந்த வரிசையில்: க்ளோஸ், ரிசல்ட், க்ளியர். க்ளோஸ் அழுத்தியதும் ஓட்டுப்பதிவு மூடிக்கொள்ளும். ரிசல்ட் அழுத்தினால் ஒவ்வொரு பெயருக்கும் எத்தனை என்று திரையில் வரும். உங்கள் கட்டத்தோடு ஒப்பிடுங்கள். அப்புறம் விவிபேட்டைத் திறந்து சீட்டுகளை வெளியே கொட்டி, பெயர் வாரியாகப் பிரித்து எண்ண வேண்டும். மெஷின் சொன்ன எண், சீட்டு எண்ணிக்கை, உங்கள் நோட்டுக் கோடு மூன்றும் ஒன்றாக வந்தால்தான் சோதனை முடிந்தது என்று அர்த்தம்.

பிறகு க்ளியர். இதை மறந்துவிடுவதுதான் நம் நாட்டில் அடிக்கடி நடக்கும் தப்பு. 2019 மக்களவைத் தேர்தலில் ஆந்திராவின் மைதுகூர் சட்டமன்றத் தொகுதியில் ஒரு சாவடியில் விவிபேட் சீட்டும் மெஷின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. காரணம், மாதிரி ஓட்டைத் தலைமை அலுவலர் அழிக்கவே இல்லை. சதி ஏதுமில்லை, காலை ஆறு மணித் தூக்கக் கலக்கம்தான். க்ளியர் அழுத்திய பிறகு டோட்டல் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். பூஜ்யம் என்று வருவதை உங்கள் கண்ணால் பாருங்கள். விவிபேட்டின் சீட்டுப் பெட்டியும் காலி என்று காட்டச் சொல்லுங்கள். மாதிரிச் சீட்டுகளின் பின்பக்கம் முத்திரை குத்தி, கறுப்புக் காகித உறையில் போட்டு, அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, இளஞ்சிவப்புத் தாளால் சீல் வைப்பார்கள். இத்தனையும் முடிந்த பிறகுதான் மாதிரி வாக்குப்பதிவுச் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். தலைமை அலுவலர் நல்ல மனிதராக, "சார், டைம் ஆகுது, முதல்ல கையெழுத்தைப் போட்டுருங்க, பின்னாடி பார்த்துக்கலாம்" என்பார். அவரும் முந்தின நாள் மதியத்திலிருந்து தூங்கவில்லை. கோபப்படாமல், "ஒரு நிமிஷம் சார், ஜீரோ பார்த்துட்டுப் போடறேன்" என்று சொல்லுங்கள். காட்டிவிடுவார்.

சீல்

ரிசல்ட் பட்டன் இருக்கும் பகுதியின் உட்கதவில் பச்சைத் தாள் சீலைப் பொருத்துவார்கள். அதில் வரிசை எண் அச்சாகியிருக்கும். வெள்ளைப் பக்கத்தில் தலைமை அலுவலரும் ஏஜென்ட்டுகளும் கையெழுத்துப் போடலாம், கண்டிப்பாகப் போடுங்கள். எண்ணிக்கை நாளில் உங்கள் கட்சிக்காரர் அந்தக் கையெழுத்தைப் பார்த்து "இது நம்ம பையன் கையெழுத்துதான்" என்று சொல்ல முடியும். பிறகு நூல் கட்டி அரக்கு வைக்கும் ஸ்பெஷல் டேக். அதற்கு மேல் ஏ, பி, சி, டி என்று குறியிட்ட ஒட்டுத்தாள் வெளிமூடியைச் சுற்றிவரும். பச்சை சீல் எண், டேக் எண், ஒட்டுத்தாள் எண் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். ஒன்று கிழிந்து வேறொன்று போட்டார்கள் என்றால் கிழிந்ததன் எண்ணும் கணக்கில் வர வேண்டும்.

பகல் பொழுது

பகலில் மெஷினைவிட மனிதர்கள்தான் வேலை வைப்பார்கள். முதல் அலுவலர் பெயரைச் சத்தமாகப் படிக்கும்போது உங்கள் பட்டியலில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். இறந்தவர், ஊரை விட்டுப் போனவர், வெளிநாட்டில் இருப்பவர் பெயர்களை முன்கூட்டியே குறித்து வைத்திருந்தால், அந்தப் பெயரில் ஆள் வரும்போது ஆட்சேபம் எழுப்பலாம். அதற்குக் கட்டணம் இரண்டு ரூபாய். ஆமாம், இன்றைக்கும் இரண்டு ரூபாய்தான், ஆனால் சில்லறையாகக் கையில் வைத்திருங்கள்.

வாக்காளர் வருவதற்குள் அவர் பெயரில் வேறொருவர் போட்டுவிட்டால்? அதற்குத்தான் விதி 49பி. 2018-ல் வந்த ஒரு சினிமாவுக்குப் பிறகு இந்த எண் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் பாதிப் பேர் புரிந்துகொண்டது தப்பு. அவருக்கு மெஷினில் ஓட்டு கிடையாது. ஒரு வாக்குச்சீட்டு கொடுப்பார்கள், அதில் குறித்துத் தந்தால் தனி உறையில் போகும். பெயர் ஆய்வுக்குரிய வாக்கு. எண்ணிக்கை நாளில் இதை எண்ண மாட்டார்கள், கள்ள ஓட்டும் தானாக ரத்தாகாது. வழக்கு நடந்து நீதிமன்றம் சொன்னால்தான் அந்த உறை திறக்கும். அதற்காக வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். வித்தியாசம் சொற்பமாக இருக்கும் தொகுதியில் அந்த உறைதான் சாட்சி.

"நான் ஒருத்தருக்குப் போட்டேன், சீட்டில வேற பேர் வந்தது" என்று ஒரு வாக்காளர் சொன்னால் விதி 49எம்ஏ. பொய் என்றால் தண்டனை உண்டு என்று எச்சரித்து எழுத்தில் வாங்கிக்கொண்டு, தலைமை அலுவலர், ஏஜென்ட்டுகள் முன்னிலையில் அவரை ஒரு சோதனை ஓட்டுப் போட வைப்பார்கள். புகார் உண்மை என்றால் அந்த மெஷினில் ஓட்டுப்பதிவு அப்படியே நிற்கும். பொய் என்றால் அந்தச் சோதனை ஓட்டு யாருக்குப் போடப்பட்டது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணும்போது அதைக் கழிக்க வேண்டும்.

நடுவில் மெஷின் கோளாறானால் எது மாறுகிறது என்று கவனியுங்கள். விவிபேட் மட்டும் கெட்டால் அதை மட்டும் மாற்றுவார்கள். கண்ட்ரோல் யூனிட்டோ பேலட் யூனிட்டோ கெட்டால் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். புதுத் தொகுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஓட்டு வீதம் மறுபடி மாதிரி ஓட்டும் போட வேண்டும். மறுபடி க்ளியர், மறுபடி பூஜ்யம், மறுபடி எண்கள். பழைய கண்ட்ரோல் யூனிட்டில் எத்தனை ஓட்டு இருந்தது என்று எழுதாமல் விடாதீர்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டுச் சதவீதத்தை அலுவலர்கள் மேலிடத்துக்கு அனுப்புவார்கள். அப்போது டோட்டல் பட்டன் எண்ணையும், வாக்காளர்கள் கையெழுத்திடும் 17ஏ பதிவேட்டில் கடைசியாகக் கையெழுத்திட்டவரின் வரிசை எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒன்றிரண்டு வித்தியாசம் இருக்கலாம், கையெழுத்துப் போட்டுவிட்டு வரிசையில் நிற்பவர் இருப்பார். பத்து, பன்னிரண்டு என்று போனால் அங்கேயே கேட்டுவிட வேண்டும்.

மாலை

முடிவு நேரத்தில் வரிசையில் நிற்பவர்களுக்குத் தலைமை அலுவலர் கையெழுத்திட்ட சீட்டு தருவார். வரிசையின் கடைசியில் நிற்பவரிடமிருந்து ஆரம்பித்து முன்னோக்கி வருவார், புதிதாக யாரும் வாலில் சேர முடியாது.

கடைசி ஓட்டு முடிந்து க்ளோஸ் அழுத்தியதும் திரையில் மொத்தம் வரும். நாள் முழுக்க உட்கார்ந்தது இந்த ஒரு எண்ணுக்காகத்தான். இதைப் படிவம் 17சி-யின் முதல் பகுதியில் எழுதுவார்கள். 17ஏ-யில் பதிவானவர்கள், கையெழுத்துப் போட்ட பிறகு ஓட்டுப் போடாமல் திரும்பியவர்கள், அனுமதிக்கப்படாதவர்கள், சோதனை ஓட்டுகள், மெஷினில் உள்ள மொத்தம், ஆய்வுக்குரிய வாக்குகள், காகித சீல்களின் கணக்கு எல்லாம் அதில் வரும். 17ஏ-யில் 812 பேர், இருவர் போடாமல் திரும்பினார்கள் என்றால் மெஷினில் 810 இருக்க வேண்டும். 811 இருந்தால் ஏன் என்று எழுதச் சொல்லுங்கள்.

அங்கே இருக்கும் ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் 17சி-யின் நகலைத் தலைமை அலுவலர் கொடுக்க வேண்டும். விதி 49எஸ் அப்படித்தான் சொல்கிறது, அது அவர் செய்யும் சலுகை அல்ல. பசித்தாலும், பஸ் போய்விடும் என்றாலும், வெளியே உங்கள் கட்சிக்காரர் "வா வா" என்று கூப்பிட்டாலும் இந்தத் தாள் இல்லாமல் எழுந்திருக்காதீர்கள். கையெழுத்து, மெஷின் எண், மொத்தம் மூன்றும் தெளிவாகப் படிக்கிறதா என்று விளக்கடியில் பாருங்கள். அன்றிரவே வேட்பாளரின் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, நோட்டில் ஒரு நகல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிகள் லாரியில் ஸ்ட்ராங் ரூமுக்குப் போகும். இரட்டைப் பூட்டு, மத்தியப் படைக் காவல், கேமரா எல்லாம் உண்டு. வெளியே வேட்பாளரின் ஆட்களும் தங்கியிருந்து கண்காணிக்கலாம். முறை வைத்து ஆள் போடுங்கள், அங்கே உங்களுக்கு வேறு பெரிய வேலை இல்லை.

எண்ணும் நாள்

எட்டு மணிக்குத் தபால் ஓட்டு ஆரம்பிக்கும், அரை மணி கழித்து மெஷின். தபால் ஓட்டுதானே என்று அந்த மேஜையில் விவரம் தெரியாதவரை உட்கார வைக்காதீர்கள். 2016-ல் ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. வழக்கே 203 தபால் ஓட்டுகளைச் செல்லாது என்று தள்ளியதைச் சுற்றித்தான் நடந்தது. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றோடு கடைசி மூன்று சுற்று மெஷின் ஓட்டையும் மறுபடி எண்ணச் சொன்னது. 2021-ல் தியாகராய நகரில் வித்தியாசம் 137.

மெஷின் மேஜை வழக்கமாக ஒரு தொகுதிக்குப் பதினான்கு. கம்பி வலைக்கு வெளியே நீங்கள், உள்ளே மேற்பார்வையாளர். மெஷின் மேஜைக்கு வந்ததும் ரிசல்ட் அழுத்துவதற்கு முன்பே கண்ட்ரோல் யூனிட் எண், சீல் எண்கள், பச்சை சீலில் உள்ள கையெழுத்து எல்லாவற்றையும் காட்டச் சொல்லுங்கள். திரையில் முதலில் வரும் மொத்த ஓட்டு உங்கள் 17சி-யில் உள்ளதுதானா என்று பார்த்த பிறகுதான் வேட்பாளர் வாரி எண்களை எழுத ஆரம்பிக்க வேண்டும். மொத்தம் ஒத்துப்போகவில்லை, அல்லது மாதிரி ஓட்டு அழிக்கப்படவில்லை என்றால் அந்த மெஷினைத் தனியே எடுத்து வைப்பார்கள். முன்பு, வெற்றி வித்தியாசத்தைவிட அப்படி ஒதுக்கிய சாவடிகளின் ஓட்டு அதிகமாக இருந்தால்தான் அவற்றின் விவிபேட் சீட்டை எண்ணுவார்கள்; 2025-லிருந்து அப்படிப்பட்ட எல்லாச் சாவடியிலும் எண்ண வேண்டும். 17சி இல்லாதவர் அப்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

எல்லாச் சுற்றும் முடிந்த பிறகு ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் ஐந்து சாவடிகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்து, விவிபேட் சீட்டுகளை எண்ணுவார்கள். முன்பு ஒன்றாக இருந்ததை 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஐந்தாக்கியது. சீட்டுக்கும் மெஷினுக்கும் வித்தியாசம் என்றால் சீட்டுதான் ஜெயிக்கும்.

ஐந்து போதுமா? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தொகுதியில் 300 சாவடி, அதில் பத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். குலுக்கலில் அந்தப் பத்தில் ஒன்றாவது சிக்கும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினாறுதான். மக்களவைத் தேர்தல் என்றால் தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதி, ஆறிலும் இதே அளவு கை வைத்திருந்தால் எங்காவது ஒன்று சிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு அறுபத்து நான்காக ஏறும். ஆக, மாநிலம் முழுக்கப் பெரிய மோசடி நடந்தால் இந்தக் குலுக்கல் பிடித்துவிடும். ஒரே தொகுதியில் நாலைந்து சாவடியில் நடந்தால் தப்பிக்கவே வாய்ப்பு அதிகம். வித்தியாசம் குறைவான தொகுதியில் இன்னும் கூடுதலாக எண்ண வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான். இப்போதைக்கு விதி அப்படி இல்லை. முடிவு அறிவிப்பதற்கு முன் விதி 56டி-யின் கீழ் எந்தச் சாவடியின் சீட்டை எண்ண வேண்டும், ஏன் என்று வேட்பாளர் எழுத்தில் கேட்கலாம். ஏற்பதா தள்ளுவதா என்று தேர்தல் நடத்தும் அலுவலர் காரணம் சொல்லி முடிவு செய்வார். "சந்தேகமா இருக்கு" என்று எழுதினால் தள்ளிவிடுவார். "இந்தச் சாவடி, இந்த சீல் எண், 17சி-யில் 810, திரையில் 823" என்று எழுதிப் பாருங்கள், அவ்வளவு லேசில் தள்ள முடியாது.

முடிவு வந்த பிறகும் ஒரு வழி உண்டு. இரண்டாவது, மூன்றாவது இடத்தில் வந்தவர்கள் ஏழு நாளைக்குள் எழுதிக் கேட்டால், ஒரு சட்டமன்றப் பகுதிக்கு ஐந்து சதவீத மெஷின்களின் நினைவகத்தைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் சோதிப்பார்கள். 300 சாவடியில் பதினைந்து. செலவு கேட்பவருடையது, மெஷினில் கை வைத்தது நிரூபணமானால் பணம் திரும்பும். 2024-ல் ஒரு தொகுப்புக்கு வரியோடு 47,200 ரூபாய் வாங்கினார்கள். அந்த முறை கேட்டவர்களில் விருதுநகர், வேலூர் தொகுதி வேட்பாளர்களும் உண்டு. எந்தச் சாவடியைக் கேட்பது என்று வேட்பாளர்தான் சொல்ல வேண்டும், அதைச் சொல்ல அவருக்கு உங்கள் நோட்டு வேண்டும். தேர்தல் வழக்குப் போடக் கெடு 45 நாள். அதுவரை அந்த நோட்டையும் 17சி நகலையும் பழைய பேப்பர்காரர் கையில் சிக்காத இடத்தில் வைத்திருங்கள்.